தொப்பி எங்கே போயிற்று?

இரண்டு அரிசி மூட்டை கனமுள்ள ஒரு கறுப்புப் பெட்டியைக் கூடத்தில் கொண்டு வந்து வைக்கப் போகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "எதற்கு?" என்று கேட்பீர்கள். "பாட்டுக் கேட்க" என்பார். "இருக்கிற இரண்டு ஸ்பீக்கர் போதாதா?" என்பீர்கள். "அதிலே அடிச் சத்தம் வராது" என்பார். விலையைக் கேட்பீர்கள். அதோடு அன்றையப் பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் முடியவில்லை. ஒன்றரை மாதம் நடந்தது. தர்மபுரியில் ஒரு நடுத்தர வீட்டுக் கூடத்துக்கு, லட்சக் கணக்கில் விலை சொல்லும் இந்த ஸப்வூஃபர் என்ற சாமானைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பது அந்த ஒன்றரை மாதத்தில் தெரிந்தது. இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம் பாருங்கள், அது சரியல்ல. பெட்டி வந்து உட்காரப் போவது நம் கூடத்தில். அது அதிர வைக்கப் போவது நம் பரண் பாத்திரங்களையும் பக்கத்து வீட்டுச் சுவரையும்.

மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதில் அடிமட்டத்தில் இருக்கும் கனத்த ஒலிக்கென்று, அதாவது 20 முதல் 80 வரையிலான அதிர்வுகளுக்கென்று, தனியாகச் செய்த ஸ்பீக்கர்தான் ஸப்வூஃபர். காவிரியில் வெள்ளம் வந்திருக்கும் சமயம் ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அடிவயிற்றில் கும்மென்று ஓர் உணர்ச்சி தட்டும். எங்கள் பக்கத்தில் அங்காளம்மன் கோவில் மயானக் கொள்ளைக்குப் பம்பை அடிப்பார்கள். மூன்று தெரு தள்ளி வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சிலம்பொலி கேட்காது. 'தும் தும்' என்ற அடி மட்டும் சுவரைத் தாண்டி வரும். மேல் ஸ்தாயி ஒலியைக் கதவும் சுவரும் காற்றும் தின்றுவிடுகின்றன. கீழ் ஸ்தாயியை அவற்றால் அவ்வளவாகத் தின்ன முடிவதில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு விவகாரம் வரும்போது தேவைப்படும்.

சரி, எங்கள் வீட்டுக்கு இது எதற்கு? என் மாமனாருக்கு வயது 84. வாலிபத்தில் சேலத்தில் கச்சேரி என்றால் ராத்திரி பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு விடிகாலையில் திரும்பியவர். இப்போது காது மந்தம். டாக்டர் பரிசோதனை செய்து ஒரு படம் போட்டுக் கொடுத்தார். வயதானவர்களுக்கு மேல் ஸ்தாயிதான் முதலில் போகுமாம். கீழ் ஸ்தாயி வெகுநாள் தங்குமாம். மாமனாருடைய படத்தில் கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழுந்திருந்தது. இடது பக்கம் மட்டும் ஏறக்குறைய நேராக நின்றது. அவருக்கு மிச்சம் இருப்பது அந்த இடது பக்கம். எங்கள் வீட்டு ஸ்பீக்கர்களோ ஐந்து அங்குல வாய் கொண்ட சின்னப் பெட்டிகள். அவை கொடுக்காததும் அதே பக்கம்தான். தனி ஆவர்த்தனம் ஓடும்போது அவர் கேட்பார்: "வலந்தலை ஏதோ தட்டுகிறது. தொப்பி எங்கே போயிற்று?"

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதன் நடுவில் அப்புவார்கள். கனம் ஏற ஏற ஸ்ருதி இறங்கும். வலந்தலையில் பூசும் கறுப்புச் சோறு, தோலில் பிறக்கும் ஒலிகளை ஒரு ஸ்வர வரிசைக்குள் கொண்டு வருகிறது என்பதை 1920-லேயே ஆராய்ந்து எழுதியவர் நம் சர் சி.வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முந்திய வேலை அது. பாலக்காடு மணி ஐயரோ மைக்கே வேண்டாம் என்று சொன்ன மகான். அவர் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, நினைக்கவே பயமாக இருக்கிறது!

சின்ன ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமானால் ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கை விசிறியால் கொசு ஓட்டலாம். நெல் தூற்ற முடியுமா? அதற்கு முறம் வேண்டும். ஸப்வூஃபர்தான் முறம்.

எவ்வளவு பெரிய முறம் என்பதுதான் கேள்வி. கடைக்காரர்கள் 18 அதிர்வு வரை இறங்கும், 16 வரை இறங்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மாதா கோவில்களில் இருக்கும் பெரிய குழல் ஆர்கனில் 32 அடிக் குழல் ஒன்று உண்டு, அதன் நாதம் 16 அதிர்வு. அந்த சங்கீதம் கேட்கிறவர்களுக்கு அது வேண்டும். சினிமாவில் கட்டடம் இடிவதைக் கேட்கிறவர்களுக்கும் வேண்டும். 1974-ல் 'எர்த்க்வேக்' என்ற ஆங்கிலப் படத்துக்காகத் தியேட்டர்களில் தனிப் பெட்டிகள் வைத்துப் பூமியையே உலுக்கிக் காட்டினார்கள். நமக்கு என்ன வேண்டும்? ஒரு கட்டையில் பாடும் வித்வானின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 அதிர்வு. அவருடைய தம்பூராவின் மந்தரத் தந்தி 65. ஐந்து கட்டையில் பாடும் நம் பெண் வித்வாம்சினிகளுக்கு ஷட்ஜமே 196; அவர்கள் குரலுக்கு ஸப்வூஃபர் தேவையே இல்லை. மெல்லிசைக்கு வந்தால், நாலு தந்தி பேஸ் கிதாரின் அடித் தந்தி 41. இளையராஜாவின் 1986 இசைத் தட்டு 'ஹௌ டு நேம் இட்', 1992-ல் வந்த 'ரோஜா' போன்றவற்றை ரசிப்பதற்கு முப்பது அதிர்வு வரை சுத்தமாக வந்தால் தாராளம். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு படிக்கும் விலையும் கனமும் தாவி ஏறுகின்றன. கேட்காத சங்கீதத்துக்குக் காசு கொடுப்பானேன்?

இன்னொன்று. 1925-க்கு முன் புனலுக்குள் பாடிப் பதிவு செய்த பழைய தட்டுகளில் கீழ் ஸ்தாயி அநேகமாக இல்லவே இல்லை. உங்கள் வீட்டுப் பொக்கிஷம் முழுக்க அந்த ரகம் என்றால் எந்தப் பெட்டியும் வாங்காதீர்கள். இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டு வராது. எல்.பி. ரிக்கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: தட்டு சுழலும் யந்திரத்தின் கடகடப்பும் கீழ் ஸ்தாயிதான். ஸப்வூஃபர் அதையும் மிகுந்த பக்தியோடு வாசித்துக் காட்டும்.

பெங்களூருக்குப் போய் ஒரு பெரிய கடையில் கேட்டுப் பார்த்தோம். தரையெல்லாம் ஜமக்காளம், சுவரெல்லாம் மெத்தை. சினிமாச் சண்டை ஒன்றைப் போட்டார்கள். என் பட்டுப் புடவைத் தலைப்பு நடுங்கிற்று. "எப்படி மேடம்?" என்றார் அங்கிருந்த பையன். "தனி ஆவர்த்தனம் போடுங்கள் தம்பி" என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடிற்று. போட்டபோது தொப்பி நன்றாகத்தான் கேட்டது. ஆனால் மிருதங்கக்காரர் அடித்து முடித்த பிறகும் 'ம்ம்ம்' என்று அண்டாவைத் தட்டினது போல் இழுத்தது.

இந்த இழுப்புக்குப் பல காரணம் உண்டு. ஒன்று பெட்டியின் ஜாதி. சில பெட்டிகளில் ஒரு துவாரம் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிக்கும். செலவிட்ட காசுக்குச் சத்தம் அதிகம். சில பெட்டிகள் நாலு பக்கமும் மூடியவை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாக வைத்து, சின்னப் பெட்டியிலும் கனத்த ஒலி வரச் செய்தார். மூடிய பெட்டி சத்தம் சற்றுக் குறைவாகக் கொடுக்கும். ஆனால் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். துவாரப் பெட்டிகளிலும் நல்லவை உண்டு, பெரிய ஹாலுக்கு அவை பொருந்தும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிருதங்கம் கேட்கிற சின்னக் கூடத்துக்கு மூடிய பெட்டிதான் என்பது என் அபிப்பிராயம்.

நிற்க. கடையில் கேட்டது கடையின் அறையைத்தான். நம் அறையை அல்ல. 40 அதிர்வு ஒலியின் ஓர் அலை 28 அடி நீளம். நம் கூடமோ 15 அடிக்கு 12 அடி, உயரம் 10. கான்கிரீட் கூரை, மொஸைக் தரை. அலைக்குக் கூடத்தில் முழுசாக நீட்டிப் படுக்கவே இடம் இல்லை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் சின்ன உந்தலே பெரிய ஆட்டமாக ஆகிறது அல்லவா? அதே போல் எங்கள் கூடம் நீளவாட்டில் 37, அகலவாட்டில் 47, உயரவாட்டில் 56 ஆகிய அதிர்வுகளில் தானாக ஆடுகிறது. சதுரமான அறையாக இருந்தால் இரண்டு ஆட்டம் ஒன்றாகச் சேர்ந்து இன்னும் மோசம். ஆட்டம் சுவரோரம் அதிகம். அறையின் நடுவில் அநேகமாகப் பூஜ்யம். கூடத்தின் நட்ட நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு "அடிச் சத்தமே இல்லை" என்று குறைப்படுகிறவர்கள் நாற்காலியைப் பின்னால் நகர்த்திப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை. திரை போட்டால் சரியாகும் என்பதும் வீண் நம்பிக்கை. துணித் திரை மேல் ஸ்தாயியைத்தான் தின்னும். பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். அவர்கள் வீட்டு அடிச் சத்தத்தில் பாதி ஓட்டின் வழியாக ஊருக்குப் போய்விடும்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேட்கிறவர் உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றி வைத்துப் பாட்டைப் போட வேண்டும். கேட்கிறவர் தரையில் தவழ்ந்துகொண்டே சுவரோரமாகப் போக வேண்டும். எங்கே அடிச் சத்தம் மேடு பள்ளம் இல்லாமல் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்து, இவர் நாற்காலிக்குத் திரும்பலாம். தலைகீழ்க் கணக்கு, ஆனால் பலிக்கிறது. என் கணவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடம் முழுக்கத் தவழ்ந்தார். என் மாமியார் பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா தொலைந்து போயிற்று?" என்றார். "பேஸ், அம்மா" என்றார் இவர். "போன மாசம்தானே வாங்கினாய்?" என்றார் அத்தை. பர்ஸ் என்று காதில் விழுந்ததோ என்னவோ.

அந்த வாரம் கடைக்காரர்கள் பெரிய பெட்டி ஒன்றை வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். தவழ்வதற்கு முன்னால் நாலு நாள் அதைப் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் சேரும் மூலையில் வைத்திருந்தார் என் கணவர். மூலையில் வைத்தால் அறையின் எல்லா ஆட்டமும் ஒரே சமயத்தில் கிளம்பும். சத்தம் ஜாஸ்தி, அதனால் ஆண்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நாலாம் நாள் காலை கோலம் போடும்போது பக்கத்து வீட்டு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டிலே ராத்திரி கிரைண்டர் ஓடுதா? பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குது." அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், குழந்தை பிறந்து இருபது நாள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் தொட்டில்.

பாட்டு ஒரு வரி கூட அவர்களுக்குக் கேட்கவில்லை. பம்பை மாதிரி அடி மட்டும் போயிருக்கிறது. என் கணவர் சட்டம் பேசினார்: 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல், நம் சத்தம் வெளியே அவ்வளவு வராது என்றார். வராதுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு அளவுமானி மனிதக் காதைப் போலக் கேட்கும்படி செய்யப்பட்டது. 50 அதிர்வு ஒலி வந்தால் 30 டெசிபல் கழித்துக்கொண்டுதான் கணக்குக் காட்டும். தொட்டிலுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கழிவு கிடையாது. பெரிய பெட்டி மறுநாளே பெங்களூருக்குத் திரும்பிற்று.

அப்புறம்தான் எங்களுக்கு வழி புலப்பட்டது. ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சின்னப் பெட்டி. பத்து அங்குல வாய் இரண்டு சேர்ந்தால் பன்னிரண்டு அங்குல வாய் ஒன்றைவிடப் பரப்பு அதிகம். பெருக்கிப் பாருங்கள், நூறும் நூறும் இருநூறு. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலுதான். இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களின் நடு மையத்தில் வைத்தால் அறையின் ஆட்டம் அடங்குகிறது. ஊஞ்சலை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பலத்தோடு தள்ளினால் அது எங்கே ஆடும்? அமெரிக்காவில் ஹார்மன் கம்பெனியைச் சேர்ந்த டாட் வெல்ட்டி என்பவர் 2002-ல் இதைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். சமமான ஒலிக்கு எண்ணிக்கையும் இடமும் முக்கியம், மலை மாதிரிப் பெட்டி அல்ல. நாங்கள் குறுக்குச் சுவர் இரண்டிலும் வைத்தோம். பொதுச் சுவர் நீளச் சுவர். அதை எந்தப் பெட்டியும் தொடவில்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். நாங்கள் வாங்கியதைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். பார்த்தவற்றைச் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டில் தொடங்கிய ரெல் கம்பெனியின் பெட்டிகள் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்குச் சௌகரியம். கே.இ.எஃப். கம்பெனி 2021-ல் கொண்டு வந்த கே.சி.62 என்பது அண்டாவுக்குப் பக்கத்தில் சொம்பு மாதிரி, 14 கிலோ. இரண்டு ஸ்பீக்கர் முதுகோடு முதுகு சேர்த்து எதிரெதிராக அசைவதால் பெட்டி தரையை உதைப்பதில்லை. மாடி வீட்டில் குடியிருக்கிறவர்கள் இந்த ரகத்தைக் கவனிக்க வேண்டும். எஸ்.வி.எஸ். பெட்டிகளை டெலிபோன் வழியாகவே திருத்தலாம். ஜே.எல். ஆடியோவின் ஃபாதம் வரிசை மைக் வைத்து அறையைத் தானே அளந்துகொள்ளும். அருமையான சாமான், ஆனால் அந்த விலைக்கு எங்கள் கூடம் லாயக்கில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு திருகுவதில் இருக்கிறது சூட்சுமம். இது ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. ஒருவர் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் திருக வேண்டும். ஸ்பீக்கர் எங்கே இளைக்கிறதோ அங்கே ஸப்வூஃபர் தொடங்க வேண்டும். எங்களுக்கு 60-ல் சரியாக அமைந்தது. நூறுக்கு மேல் ஏற்றினால் வித்வானின் குரலில் ஒரு துண்டு பெட்டிக்குள்ளிருந்து வருவது தெரிந்துவிடும். 'ஃபேஸ்' என்ற திருகை மெதுவாக நகர்த்தி, எந்த இடத்தில் அடி நாதம் நிறைந்து கேட்கிறதோ அங்கே விடுங்கள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பெட்டி இருப்பதே தெரியாத இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள்.

கடகடவென்று ஏதாவது அதிர்ந்தால் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் குற்றவாளிகள் நாலு பேர்: பரண் எவர்சில்வர் அடுக்கு, கண்ணாடி அலமாரிக் கதவு, சுவாமி படம் ஒன்று, ஜன்னல் கொக்கி. பழைய கம்பளித் துண்டை வெட்டி இடுக்கில் வைத்தேன், அடங்கிவிட்டன. இதைக் கண்டுபிடிக்க எந்த இஞ்சினீயராலும் ஆகாது. எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

'ம்ம்' என்று ஓயாமல் ஓர் இரைச்சல் வந்தால் அது மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஸப்வூஃபரின் நடு வீட்டிலேயே வந்து உட்காருகிறது. ஆம்ப்ளிஃபயருக்கும் பெட்டிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். பிளக்கில் எர்த் முளையை வெட்டிவிட்டால் சரியாகும் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், உயிருக்கு ஆபத்து. எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் மண் வறண்டுவிடும். எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் விடுகிறேன்.

ராத்திரி எட்டரைக்கு மேல் அடிப் பெட்டிகளை அணைத்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பகலிலும் மெதுவாகத்தான். சத்தம் குறையக் குறையக் காது முதலில் கைவிடுவது கீழ் ஸ்தாயியைத்தான் என்று ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே அளந்து சொன்னார்கள். அடி நாதம் குறைவான இடத்தில் அதைத் தேடிச் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். இப்போது அது இருப்பதால், முன்னே வைத்த அளவில் பாதிக்கும் குறைவாகத் திருகினாலும் எங்களுக்குப் போதும் என்று இருக்கிறது. இரண்டு பெட்டியும் சேர்ந்து அந்த ஒற்றைப் பெட்டியின் விலையில் முக்கால்தான் ஆயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் ஒன்றும் சொல்லாமல் தனி ஆவர்த்தனம் போட்டேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் மெதுவாக எழுந்து போய் இரண்டு பெட்டியையும் அணைத்தேன். தாளம் நின்றது.

"என்னம்மா, அவர் இடது கையை எடுத்துவிட்டாரே?" என்றார்.

"இல்லை மாமா, இதோ" என்று மறுபடி திருகினேன். பக்கத்து வீட்டு அம்மா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கோர்வை முடியும் வரை எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.